பிக்-அப் வண்டியின் டீசல் வடிகட்டியைக் குடியானவரே மாற்றும் முறை

நமது ஜில்லாக்களில் காய்கறி, வாழை, பூ முதலியவற்றைப் பயிரிடுவோரிடையே சொந்தமாகப் பிக்-அப் வண்டி வைத்திருப்பவர்களின் தொகை வரவரப் பெருகியிருக்கிறது. வண்டி வாங்குவதற்கு முன் பத்துப் பேரிடம் யோசனை கேட்கும் குடியானவர், வாங்கிய பின் அதன் டீசல் எங்கே வடிகட்டப்படுகிறது என்பதைக்கூடப் பார்த்துவைப்பதில்லை. விடியுமுன் கோயம்பேட்டில் இறங்கவேண்டிய தக்காளி வழியில் ஓர் ஏற்றத்தில் நின்றுவிடுமானால் அதனால் நேரும் நஷ்டம் எவ்வளவு என்பதை விவசாயிகளுக்கு எடுத்துச் சொல்லவேண்டுவதில்லை. இவ்வாறு வண்டிகள் நின்றுபோவதற்குரிய காரணங்களில் டீசல் வடிகட்டி அடைத்துக்கொள்வதும் ஒன்று. அதைத் தக்க காலத்தில் மாற்றுவது ஒரு மணி நேரத்து வேலை. கை சுத்தமும் பொறுமையும் உள்ள எவரும் வீட்டு வாசலிலேயே செய்துகொள்ளலாம். ஆயினும் இவ்வேலையைச் செய்யாமல் விடுவதைக் காட்டிலும் அசுத்தமாகச் செய்வது அதிகக் கேட்டை விளைவிக்கும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். அதன் காரணம் கீழே விளங்கும்.

கடையில் வெறுமனே "பில்டர்" என்று கேட்டால் மூன்று வேறு வஸ்துக்களில் ஏதாவது ஒன்று கையில் வந்து சேரலாம். எஞ்சினுக்குள் செல்லும் காற்றை வடிகட்டுவது ஒன்று. எஞ்சின் ஆயிலை வடிகட்டுவது மற்றொன்று. நாம் இங்கே பேசுவது டாங்கிக்கும் பம்புக்கும் இடையே அமைந்து, டீசலிலுள்ள தூசியையும் துருவையும் தண்ணீரையும் தடுத்து நிறுத்தும் மூன்றாவதைப் பற்றி.

வடிகட்டி எதைக் காக்கிறது

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் துரை சென்னை மாகாணத்தில் கிணற்று நீர் இறைப்பதற்கு எண்ணெய் எஞ்சின்களைப் பரப்ப முயன்ற காலத்து யந்திரங்கள் மெதுவாகச் சுழல்பவை. எண்ணெயில் சிறிது கசடு இருந்தாலும் பொறுத்துக்கொள்பவை. அக்காலத்திலிருந்து வழிவழியாக வந்த, "டீசல் எஞ்சின் எதையும் தாங்கும்" என்னும் எண்ணம் நம்மிடையே இன்னும் நீங்கவில்லை. இக்காலத்துப் பிக்-அப் வண்டிகளின் எஞ்சின் முற்றிலும் வேறு வகையைச் சேர்ந்தது. காமன் ரெயில் என்னும் அமைப்பில், பம்பானது டீசலை ஒரு பொதுக் குழாயில் 1,000 பாருக்கு மேற்பட்ட அழுத்தத்தில் தேக்கிவைக்கிறது. பல எஞ்சின்களில் இது 1,600 பாரையும் தாண்டும். வண்டியின் டயரில் நாம் அடைக்கும் காற்று மூன்று நான்கு பார் அளவே என்பதை நினைத்துப் பார்த்தால் இதன் வேகம் விளங்கும். அக்குழாயிலிருந்து டீசலைப் பீச்சும் நாஸிலின் துவாரங்கள் மயிரிழை அளவினவே. பம்பிலும் நாஸிலிலும் ஒன்றோடொன்று உராய்ந்து நகரும் உறுப்புக்களின் இடைவெளியோ இரண்டு மூன்று மைக்ரான்தான். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மனிதனுடைய தலைமயிரின் கனம் சுமார் 70 மைக்ரான். கண்ணுக்குப் புலப்படாத தூசி ஒன்று இவ்விடைவெளியில் புகுந்தால் அரத்தைப்போல் வேலை செய்யும் என்பதில் ஐயமில்லை.

தண்ணீர் தூசியினும் பொல்லாதது. இவ்வெஞ்சின்களின் பம்புக்குத் தனியாக மசகெண்ணெய் கிடையாது. அதனூடே ஓடும் டீசலே மசகாகவும் உதவுகிறது. 2020-ஆம் வருஷம் ஏப்ரல் 1-ஆம் தேதி முதல் நாடெங்கும் விற்கப்படும் பி.எஸ்.-6 டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் பத்துப் பங்குக்கு மேல் இருக்கலாகாது. கந்தகத்தை நீக்கும் சுத்திகரிப்பில் டீசலின் இயற்கையான வழவழப்பும் குறைந்துபோவதால், அதை ஈடுசெய்யச் சில மருந்துகளைச் சேர்த்தே அனுப்புகிறார்கள். இத்தகைய டீசலுடன் தண்ணீரும் கலந்து பம்புக்குள் சென்றால், உராயும் இடத்தில் வழவழப்பு அற்றுப்போய், வெகு சீக்கிரத்தில் தேய்மானமும் துருவும் ஏற்படும். பம்பும் நாஸில்களும் கெட்டால் ஆகும் செலவு வடிகட்டியின் விலையைப்போல் பல மடங்கு. நல்ல மகசூல் கண்ட வருஷத்தின் லாபத்தையும் அது விழுங்கிவிடக்கூடும்.

எப்பொழுது மாற்றவேண்டும்

வண்டியுடன் கொடுக்கப்பட்ட கைப்புத்தகத்தில் இத்தனை கிலோமீட்டருக்கு ஒரு முறை என்று குறித்திருப்பார்கள். அதை மேல் வரம்பாகக் கொள்ளவேண்டுமேயன்றி, அது வரையில் கண்ணை மூடிக்கொண்டிருக்கலாம் என்று பொருள் கொள்ளலாகாது. புழுதி மிகுந்த வண்டித்தடங்களில் ஓடும் வண்டிக்கும், பீப்பாயிலிருந்து டீசல் ஊற்றப்படும் வண்டிக்கும் அதற்கு முன்பாகவே மாற்றுவது உசிதம். தூரம் எதுவாயினும், பாரத்துடன் மேட்டில் ஏறும்போது இழுவை குன்றுதல், வேகமெடுக்கையில் தடுமாறுதல், காலையில் நெடுநேரம் சுழற்றிய பிறகே எஞ்சின் கிளம்புதல் ஆகிய குறிகள் தோன்றினால் முதலில் வடிகட்டியைச் சந்தேகிக்கவேண்டும். டீசலில் தண்ணீர் என்பதைக் காட்டும் விளக்கு எரிந்தால் நாள் பார்க்கவேண்டுவதில்லை. அன்றே, அவ்விடத்திலேயே, வடிகட்டியின் அடியிலுள்ள திருகைத் திறந்து தண்ணீரை வெளியேற்றிவிட வேண்டும். விளக்கு எரிந்துகொண்டிருக்க, "சந்தைக்குப் போய் வந்து பார்த்துக்கொள்ளலாம்" என்று ஓட்டுவதால் நேரும் கெடுதி பெரிது.

சில வண்டிகளில் வடிகட்டி டாங்கியோடு சேர்ந்தோ, அடிச்சட்டத்தின் மேல் எளிதில் எட்டாத இடத்திலோ அமைந்திருக்கும். வேறு சிலவற்றில் காற்றை நீக்குவதற்குக் கணினிக் கருவி வேண்டும். அத்தகையவற்றைத் தொழிற்சாலைக்கே அனுப்பிவிடுவது நலம். உத்தரவாதக் காலம் தீராத வண்டியையும் அப்படியே செய்யவேண்டும். ஒரு வேளை நாமே மாற்றினாலும் வடிகட்டி வாங்கிய ரசீதைப் பத்திரப்படுத்த வேண்டும். இங்கே கூறுவது, பானட்டைத் திறந்தால் கண்ணுக்குத் தெரிகிற, கையால் அமுக்கும் பம்பு உள்ள வடிகட்டிகளுக்கு உரியது.

முன்னேற்பாடு

புது வடிகட்டியைப் பழையதன் மேலுள்ள எண்ணைக் காட்டி, அந்தக் கம்பெனியின் முகவரிடமோ நம்பகமான கடையிலோ வாங்கவேண்டும். பெயரும் பெட்டியும் ஒன்றாயிருக்க உள்ளே மட்டமான காகிதம் வைத்த போலிச் சரக்கும் விற்கப்படுகிறது. விலை மிகக் குறைவாயிருப்பதே அதற்கு முதல் அடையாளம். ரப்பர் வளையங்கள் உடனிருக்கின்றனவா என்று பார்க்கவேண்டியதுதான். ஆனால் உறையை அப்போதே கிழித்துவிடாமல், பூட்டும் க்ஷணம் வரையில் மூடியே வைத்திருக்கவேண்டும்.

டாங்கியில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் டீசல் இருப்பது நலம். முதல் நாளே வடிகட்டியைச் சுற்றியுள்ள மண்ணையும் பிசுக்கையும் தூரிகையால் தேய்த்து, டீசலில் நனைத்த துணியால் துடைத்துவைக்க வேண்டும். வண்டியைச் சமதளத்தில், காற்று வீசாத நிழலில் நிறுத்தி, கைப்பிரேக்கை இழுத்து, சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, சாவியை எடுத்துவிட்டு, எஞ்சின் முழுதும் ஆறும் வரையில் காத்திருக்கவேண்டும். பாட்டரியின் கழித்தல் முனையைக் கழற்றிவைப்பது நல்ல பழக்கம். நெல் தூற்றும் களத்தின் அருகில் இவ்வேலையை வைத்துக்கொள்ளலாகாது. பீடி, சுருட்டு, அடுப்பு எதுவும் அண்டையில் இருக்கலாகாது. துடைப்பதற்குக் கழிவுப் பஞ்சை உபயோகிக்கவே கூடாது. அதன் இழைகள் குழாய்க்குள் புகும். பழைய பருத்தி வேஷ்டித் துணியும் நூல் பிரியும். ஆகவே இழை உதிராத, துவைத்து உலர்த்திய, அழுத்தமான துணியே தகும்.

வெளிவந்த டீசலைச் சோதித்தல்

வடிகட்டியின் அடியில் ஒரு தட்டை வைத்து, வடிதிருகைத் திறந்து, வருவதை ஒரு வெள்ளைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடிக்கவேண்டும். அநேகர் இதைத் தரையில் விட்டுவிடுகிறார்கள். அப்படி விடுவது, நோயாளியின் நாடியைப் பாராமல் மருந்து கொடுப்பதற்கு ஒப்பாகும். கால் மணி நேரம் பாட்டிலை அசையாமல் வைத்தால் டீசல் மேலும் தண்ணீர் கீழுமாகப் பிரிந்து நிற்கும். ஏனெனில் ஒரு லிட்டர் டீசலின் எடை ஏறக்குறைய 830 கிராம். தண்ணீர் ஒரு கிலோ.

அடியில் தண்ணீர் சில துளிகளே இருந்தால் கவலையில்லை. டாங்கியில் வெற்றிடம் உள்ளபோது இரவுக் குளிரில் காற்றின் ஈரம் உட்சுவரில் வேர்த்து இறங்குவது இயற்கை. ஆகையால், வேலை முடிந்து மாலையில் வரும்போதே டாங்கியை நிரப்பிவைப்பது, காலையில் நிரப்புவதைவிடச் சிறந்தது. கட்டைவிரல் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் டீசல் வந்த இடத்தை விசாரிக்கவேண்டும். டாங்கியையும் இறக்கிச் சுத்தம் செய்யவேண்டியிருக்கலாம். செந்நிறத் தூள் படிந்தால் டாங்கியோ பீப்பாயோ துருப்பிடித்திருக்கிறது. கருமையான வழவழப்பான பாசிபோன்ற பொருள் கண்டால், தண்ணீரும் டீசலும் கூடும் இடத்தில் நுண்ணுயிர்கள் வளர்ந்துவிட்டன என்று அறியவேண்டும். அந்நிலையில் வடிகட்டியை மட்டும் எத்தனை முறை மாற்றினாலும் பிரயோஜனமில்லை, சில நாட்களிலேயே மறுபடி அடைத்துக்கொள்ளும்.

பெரும்பாலும் குற்றம் பீப்பாயினுடையதே. மழையில் செங்குத்தாக நிறுத்திய பீப்பாயின் தலைத்தட்டில் நீர் தேங்குகிறது. பகல் வெயிலில் உள்ளேயுள்ள காற்று விரிந்து வெளியேறுகிறது. இரவில் குளிர்ந்து சுருங்கும்போது மூடியின் மரைவழியே அந்நீரையே உறிஞ்சுகிறது. மூடி இறுகியிருந்தாலும் இது நிகழும். பீப்பாயைக் கூரையின் கீழ்ச் சற்றுச் சாய்வாக வைத்து, மூடி மேட்டுப் பக்கத்தில் இருக்கச் செய்தால் இத்தொல்லை பெரும்பாலும் நீங்கும். நாகமுலாம் பூசிய பாத்திரங்களில் டீசலைச் சேமிக்கலாகாது. நாகம் டீசலுடன் கூடி, பிசுக்கை உண்டாக்கும்.

கழற்றுதலும் பூட்டுதலும்

குழாய்களைக் கழற்றுவதற்கு முன் எந்தக் குழாய் எம்முனையில் உள்ளதென்று செல்பேசியில் ஒரு படம் பிடித்துக்கொள்வது இக்காலத்தில் எளிது. வடிகட்டியின் மேல் அம்புக்குறி இருக்கும். டீசல் டாங்கியிலிருந்து வரும் திசையையும் எஞ்சினுக்குச் செல்லும் திசையையும் மாற்றிவிடக் கூடாது. குழாயைக் கழற்றிய உடனே அதன் வாயைச் சுத்தமான மூடியாலாவது புதுப் பிளாஸ்டிக் உறையாலாவது கட்டிவிட வேண்டும். எஞ்சின் பக்கத்துக் குழாய் விஷயத்தில் இரட்டிப்பு ஜாக்கிரதை தேவை. அதற்குப் பின் வேறு வடிகட்டி கிடையாது. அதற்குள் விழுந்த மணற்பொடி நேரே பம்புக்கே போகும். முதலில் நாம் சொன்ன எச்சரிக்கையின் காரணம் இதுவே. அடைத்த வடிகட்டி வண்டியை நிறுத்தும். அசுத்தமான கை வண்டியின் உயிர்நிலையைக் கெடுக்கும்.

அடியில் தண்ணீரைக் காட்டும் உணர்கருவி இருந்தால் அதை மெதுவாகத் திருகி எடுத்து, புது ரப்பர் வளையமிட்டுப் புது வடிகட்டியில் பொருத்தவேண்டும். பழைய வளையம் மேல் தலையில் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று தடவிப் பார்ப்பது முக்கியம். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு வளையங்கள் சேர்ந்தால் கட்டாயம் ஒழுகும். புதிய வளையத்தைச் சுத்தமான டீசலால் ஈரமாக்கி, வடிகட்டியைக் கையால் சுழற்றி, வளையம் தலையைத் தொட்ட பிறகு அதன் மேல் அச்சிட்டிருக்கும் அளவுக்கு, சாதாரணமாக அரை முதல் முக்கால் சுற்று வரையில், கையினாலேயே இறுக்கவேண்டும். ஸ்பானரால் இறுக்குவதில் பலமும் இல்லை, பெருமையும் இல்லை. வளையம் நசுங்கிப்போவதோடு அடுத்த முறை கழற்றுவதும் சிரமமாகும்.

இங்கே ஒரு பழக்கத்தைக் கண்டிக்கவேண்டியிருக்கிறது. சீக்கிரம் கிளம்பவேண்டும் என்று புதிய வடிகட்டியின் நடுத் துவாரத்தில் டீசலை ஊற்றி நிரப்பிப் பூட்டுகிறவர்கள் உண்டு. திருகிப் பூட்டும் வடிகட்டிகளில் பெரும்பாலும் சுற்றியுள்ள சிறு துவாரங்களே டீசல் உள்ளே புகும் வழி. மரையிட்ட நடுத் துவாரம் வடிகட்டிய டீசல் வெளியேறும் வழி. நடுவில் ஊற்றியது வடிகட்டப்படாமலே எஞ்சினைச் சேரும். சாதாரணமான பழைய எஞ்சினில் இது பொறுக்கத்தக்கதாயிருந்திருக்கலாம். காமன் ரெயில் எஞ்சினில் ஆகாது. காலியாகவே பூட்டி, கைப்பம்பினால் நிரப்புவதே சரியான முறை.

காற்றை நீக்குதல்

கைப்பம்பை அது கெட்டியாகி விரலை எதிர்க்கும் வரையில் திரும்பத் திரும்ப அமுக்கவேண்டும். வடிகட்டியின் தலையில் காற்றுத் திருகு இருந்தால் அதைச் சிறிது தளர்த்தி, குமிழி இல்லாமல் டீசல் மட்டும் வரும்போது மூடவேண்டும். டாங்கியில் மின்சாரப் பம்பு உள்ள வண்டியாயின், எஞ்சினைச் சுழற்றாமல் சாவியை மட்டும் முன்னிலைக்குத் திருப்பிச் சில விநாடி நிறுத்தி, மூன்று நான்கு முறை இப்படிச் செய்தால் போதும். பிறகு எஞ்சினைச் சுழற்றலாம். ஒரு தடவைக்குப் பத்து விநாடிக்கு மேல் வேண்டாம், இடையில் ஒரு நிமிஷம் ஓய்வு கொடுக்கவேண்டும். விடாமல் சுழற்றினால் ஸ்டார்ட்டர் மோட்டார் சூடேறிக் கெடும், பாட்டரியும் தளரும்.

எஞ்சின் கிளம்பாவிட்டால் நாஸிலுக்குச் செல்லும் இரும்புக் குழாய்களின் மரையைத் தளர்த்திக் காற்றை எடுப்பது பழைய டிராக்டர்களிலும் நீரிறைக்கும் எஞ்சின்களிலும் கையாண்ட முறை. காமன் ரெயில் எஞ்சினில் இதை ஒருபோதும் செய்யலாகாது. எஞ்சின் சுழலும்போது அக்குழாயில் ஊசிமுனை அளவு வழி கிடைத்தாலும் டீசல் தோலைத் துளைத்து விரலுக்குள் ஏறிவிடும். முதலில் முள் குத்தியதுபோல் ஒரு புள்ளி மட்டுமே தெரியும், வலியும் அதிகமிராது. சில மணி நேரத்தில் வீங்கி, சதை அழுகத் தொடங்கி, விரலையோ கையையோ எடுக்கும்படியும் நேரலாம். இவ்விதம் காயம் பட்டவர் மஞ்சள் பூசிக் கட்டிக்கொண்டு வீட்டில் இருக்கலாகாது. அப்பொழுதே அறுவைச் சிகிச்சை வசதியுள்ள ஆஸ்பத்திரிக்குச் சென்று, அழுத்தத்தோடு டீசல் உள்ளே ஏறியிருக்கிறது என்பதை வைத்தியரிடம் தெளிவாகச் சொல்லவேண்டும். வெளிப்பார்வைக்குக் காயம் அற்பமாயிருப்பதால், சொல்லாவிட்டால் அவரும் ஏமாறக்கூடும்.

எஞ்சின் கிளம்பிய பின் சில நிமிஷம் மெதுவாக ஓடவிட்டு, கசிவு உண்டா என்று பார்க்கவேண்டும். பார்ப்பதற்குக் கையை நீட்டாமல், ஓர் அட்டைத் துண்டை அருகில் காட்டினால் கசிவு அதில் ஈரமாகத் தெரியும். ஈரமே இல்லாமல் எஞ்சின் கிளம்பிக் கிளம்பி நின்றால், வடிகட்டி பம்பினால் உறிஞ்சப்படும் பக்கத்தில் இருக்கிறதென்றும், அங்கே டீசல் வெளியே வராமல் காற்று உள்ளே போகிறதென்றும் கொள்ளவேண்டும். பெரும்பாலும் வளையம் ஒன்று சரியாக உட்காராததே காரணமாயிருக்கும்.

பொது வண்டிகள்

கிராம அதிகாரிகளுக்கும் கூட்டுறவுச் சங்கக் காரியதரிசிகளுக்கும் ஒரு வார்த்தை. ஊராட்சியின் டீசல் வண்டியும், தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் வாடகைக்கு விடும் டிராக்டரும் பலர் கைக்கு மாறி மாறிப் போகின்றன. எல்லாருடையதும் ஆகையால் வடிகட்டியை நினைப்பவர் எவருமில்லை. எந்தத் தேதியில், எத்தனை கிலோமீட்டரில் அல்லது எத்தனை மணி ஓட்டத்தில் மாற்றப்பட்டது, பாட்டிலில் எவ்வளவு தண்ணீர் கண்டது, மாற்றியவர் யார் என்ற விவரங்களுக்கு ஒரு நோட்டு வைத்து, டீசல் கணக்கைப் பார்வையிடும்போதே அதையும் பார்வையிட்டால் போதும். தனி விவசாயி இதே விவரத்தை அழியாத மையால் வடிகட்டியின் மேலேயே எழுதிவிடலாம்.

வடித்த டீசலையும் பழைய வடிகட்டியையும் வாய்க்காலிலோ கிணற்றோரத்திலோ எறியலாகாது. வடிகட்டியை ஒரு நாள் முழுதும் தட்டின் மேல் கவிழ்த்துவைத்தால் உள்ளிருக்கும் டீசல் இறங்கும். அதை மூடியிட்ட தகர டப்பாவில் சேர்த்து, பழைய ஆயிலை வாங்கிக்கொள்ளும் தொழிற்சாலையில் கொடுத்துவிட வேண்டும்; மீண்டும் டாங்கியில் ஊற்றுவது கூடாது. துடைத்த துணிகளைக் குவித்துவைக்காமல், வைக்கோற்போருக்குத் தூரத்தில் வெயிலில் விரித்து உலர்த்திய பின் அப்புறப்படுத்தலாம்.